புகையும் பாறை... பரிசலில் ஒரு ரவுண்டு போலாமா?

ஸ்கூபா டைவிங்! பேரைக் கேட்டாலே ஜில்லுன்னு இருக்குல்ல? நீலக் கடல், பவளப் பாறை, முதுகில் சிலிண்டர், கண்ணுக்கு முன்னால் கலர் கலராக மீன். அந்தமானின் ஹேவ்லாக் தீவு (2018 டிசம்பரில் இருந்து அதுக்குப் பேர் சுவராஜ் தீவு), லட்சத்தீவு என்று ஹாஸ்டல் ரூம் சுவரில் படம் ஒட்டி ஏங்குறவங்க நிறைய பேர் இருப்பீங்க. ஆனா டிக்கெட், தங்குற செலவு, டைவிங் ஃபீஸ் எல்லாம் கூட்டிப் பார்த்தா, அரியர் ஃபீஸ் கட்டவே அப்பாகிட்ட ரெண்டு நாள் நடிக்க வேண்டியிருக்கிற நமக்கு அது கொஞ்சம் ஓவர்தான்.

கவலைய விடுங்க. பஸ் டிக்கெட் காசில் தீவு பார்க்க ஒரு வழி இருக்கு. அதுவும் எங்கே தெரியுமா? சொட்டுக் கடல்கூட இல்லாத தர்மபுரி மாவட்டத்தில்!

ஆமாங்க, ஒகேனக்கல்தான். 'அட, அது அருவியாச்சே, அங்கே ஏது தீவு?'னு கேட்கிறீங்களா? வாங்க, சொல்றேன்.

நதிக்குள்ளே தீவு

குடகில் தலைக்காவிரியில் கிளம்பும் காவிரி, கர்நாடகத்தைச் சுற்றிக்கொண்டு மலை இடுக்கில் புகுந்து தமிழ்நாட்டுக்கு வரும் வாசல் இது. அகலமாக வந்த ஆறு, இங்கே பாறைகளில் மோதிப் பல கிளையாகப் பிரிகிறது. கிளைகளுக்கு நடுவே மரமும் புதரும் மண்டிய திட்டுகள், மணல் மேடுகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தீவுதான். அந்தத் தீவுகளைச் சுத்தி வந்த தண்ணீர், ஒரே இடத்தில் விழாமல் ஆளுக்கொரு பக்கமாக விழுகிறது. அதனால்தான் ஒகேனக்கல் 'ஒரு அருவி' இல்லை. மெயினருவி, ஐந்தருவி, சினி ஃபால்ஸ் என்று பெரிய கூட்டுக் குடும்பமே இருக்கு. 

உயரத்தை வைத்துப் பார்த்தால் கர்நாடகத்தின் ஜோக் அருவிக்கு முன்னால் இது சின்னப் பையன். ஜோக் 253 மீட்டர். ஒகேனக்கல் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனா அகலத்திலும் ஆவேசத்திலும் அண்ணன் இதுதான். தண்ணீர் பாறையில் அடித்துத் தெறிக்கும் சாரல், தூரத்தில் இருந்து பார்த்தால் அடுப்புப் புகை மாதிரி எழும்பும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' நம்ம கல்தான். ஹொகேனகல், ஒகேனக்கல் ஆயிடுச்சு. பேர் கன்னடம், ஊர் தமிழ்நாடு, தண்ணீர் ரெண்டு பேருக்கும்!

இங்கே நிற்கும்போது காலுக்குக் கீழேயும் கொஞ்சம் பாருங்க. ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை இருக்கு. பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு இறுகி உருவான பாறைதான் அது. ஆனால் இந்த வகைப் பாறைகளில் சாதாரணமாக இருக்கும் சிலிக்காவுக்குப் பதிலாக, இதில் கார்பனேட் தாதுக்கள்தான் அதிகம். இதன் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். டைனோசர் எல்லாம் இதுக்குக் கொள்ளுப் பேரனுக்குக் கொள்ளுப் பேரன். ஜியாலஜி ஸ்டூடண்ட்ஸ், உங்களுக்கு இது ஐ.வி. போக வேண்டிய இடம்!

பரிசல்னா சும்மாவா?

இங்கே வந்துட்டு பரிசல் ஏறாமல் போனால், திருப்பதி போய் லட்டு வாங்காமல் வந்த மாதிரி. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, வட்டமான பெரிய கூடை மாதிரி செய்கிறார்கள். அந்தக் காலத்தில் வெளியே மாட்டுத் தோல் போர்த்துவார்கள். அப்புறம் பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூச ஆரம்பித்தார்கள். முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் கிடையாது. அடியில் கூர் இல்லாததால் முழங்கால் தண்ணீரிலும் போகும், பாறை தட்டினாலும் வளைந்து கொடுக்கும். படகுக்குப் போக முடியாத இடத்துக்கெல்லாம் இது போவதன் ரகசியம் இதுதான்.

ஆனால் அதே காரணத்தால் இதுக்கு நேராகப் போகவும் தெரியாது. விட்டால் பம்பரமாகச் சுத்தும். அதை ஒரே துடுப்பில் அடக்கி, எந்தப் பாறைக்கும் எந்தச் சுழிக்கும் நடுவே போகணும் என்று கண்ணாலேயே அளந்து ஓட்டுகிறாரே பரிசல்காரர், அவரைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. தண்ணீர் குறைவான இடத்தில் பரிசலை அப்படியே தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு, பாறைமேல் நடந்து போவார். பார்க்க ஆமை எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் நுழையும்போது சத்தம் அடங்கும். மேலே கீற்று மாதிரி வானம், ரெண்டு பக்கமும் கல். நம்ம கேங்கில் எப்பவும் கத்திக்கிட்டே இருக்கிற ஆள்கூட அங்கே கப்சிப்!

எதிர்க்கரையில் தெரிவது கர்நாடகம். இன்னொரு விஷயம் தெரியுமா? அந்தக் கரை அப்போ இருந்த கொள்ளேகால் தாலுகா, மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1 வரைக்கும் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அன்னைக்குப் போட்ட கோடு ஆத்துக்கு நடுவே போகுது. பரிசலில் நீங்க உட்கார்ந்திருப்பது எந்த மாநிலம் என்று தண்ணீருக்குத் தெரியாது!

குதிக்காதீங்க பாஸ்!

டைவிங் பற்றி ஆரம்பிச்சோம்ல? ஒகேனக்கல்லிலும் டைவிங் இருந்தது. காசு கொடுத்தால் பாறை உச்சியில் இருந்து ஆத்தில் குதித்துக் காட்டும் உள்ளூர்ப் பசங்க இங்கே ரொம்ப ஃபேமஸ். டூரிஸ்ட்கள் கைதட்டி, பத்து இருபது ரூபாய் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். யாராவது உங்ககிட்ட வந்து கேட்டால் தயவுசெய்து வேண்டாம்னு சொல்லிடுங்க. நம்ம ஒரு நிமிஷ என்டர்டெயின்மென்ட்டுக்கு ஒருத்தன் கழுத்தெலும்பைப் பணயம் வைக்கணுமா?

நீங்க குதிக்கிறது அதைவிட மோசம். 'நான் காலேஜ் ஸ்விம்மிங் சாம்பியன்'னு சொல்றவங்களுக்குத்தான் இது. நீச்சல் குளத்துத் தண்ணீர் வேற, அருவிக்குக் கீழே நுரைக்கிற தண்ணீர் வேற. அந்த வெள்ளை நுரையில் பாதி காற்று. காற்று கலந்த தண்ணீருக்கு அடர்த்தி குறைவு, அதனால் உடம்பை மிதக்க வைக்கிற சக்தியும் குறைவு. எவ்வளவு கை அடிச்சாலும் மேலே வர முடியாது. இன்னொரு பக்கம், விழுந்த தண்ணீர் சுழன்று திரும்ப அருவிக்கு அடியிலேயே இழுக்கும். பாறையில் நூற்றாண்டுக் கணக்காகத் தண்ணீர் குடைந்த குழிகள் வேறு. மேலே இருந்து பார்த்தால் ஒண்ணுமே தெரியாது.

இதைவிட ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. தர்மபுரியில் சுள்ளென்று வெயில் அடிக்கும். ஒரு பொட்டு மழை இருக்காது. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால், அந்த வெள்ளம் இங்கே வந்து நிற்கும். 2018, 2022, 2024 என்று பல ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்து, அருவிகள் இருந்த இடமே தெரியாமல் முழுகிப்போயின. அதனால்தான் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போடுகிறது. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரே ஒரு ரவுண்டு'னு யாரையும் கெஞ்சாதீங்க. 2015-ல் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்த ஒரே குடும்பத்தினர் உயிரிழந்ததை இந்த ஊர் இன்னும் மறக்கலை.

ஒரு விநாடிக்கு 236 லாரி

'கன அடி, டி.எம்.சி.' என்று நியூஸில் சொல்லும்போது சேனல் மாத்துற ஆளா நீங்க? ஒரு நிமிஷம் கணக்குப் பார்ப்போம், ஈஸிதான்.

ஒரு கன அடி என்றால் சுமார் 28.3 லிட்டர். விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி என்றால் 28 லட்சம் லிட்டருக்கு மேல். நம்ம தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரியில் அளந்தால், கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் 236 லாரி. நூறு கோடி கன அடி சேர்ந்தால் ஒரு டி.எம்.சி.

ஒகேனக்கல்லுக்குக் கொஞ்சம் மேலே பிலிகுண்டுலு என்ற இடம். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கேதான். கர்நாடகம் நமக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தது என்று மொத்த இந்தியாவும் பார்க்கும் மீட்டர் அது. 2007-ல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. என்றது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. அங்கே அளக்கப்பட்ட தண்ணீர்தான் இங்கே அருவியாக விழுந்து, 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் போய்த் தேங்கி, அங்கிருந்து தஞ்சாவூர் வயல்வரைக்கும் போகிறது. நீங்க நின்னு செல்ஃபி எடுக்கிற சாரல், டெல்டாவில் ஒருத்தரோட குறுவை நாற்று!

நெல்லிக்கனி கொடுத்த ஊர்

இந்த தர்மபுரிதான் சங்க காலத்துத் தகடூர். ஔவையாருக்கு அரிய நெல்லிக்கனியைக் கொடுத்தானே அதியமான் நெடுமான் அஞ்சி, அவன் ஆண்ட ஊர். கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூறு சொல்கிறது. பின்னால் இது பாராமஹால் ஆனது. திப்பு சுல்தானிடம் இருந்து 1792-ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்புறம் சேலம் மாவட்டத்தில் இருந்து, 1965 அக்டோபர் 2-ல் தனி மாவட்டமானது. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது.

இவ்வளவு பெருமை உள்ள மண்ணுக்கு ஒரு பெரிய குறை. காவிரி மாவட்டத்தின் ஓரத்தில் பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்கள் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. கூப்பிடு தூரத்தில் ஆறு இருந்தும் குடிக்க போர்வெல்தான். அந்தத் தண்ணீரில்தான் வில்லன் இருந்தான். அவன் பேர் ஃப்ளோரைடு.

இந்தப் பகுதிப் பாறைகளில் இருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தர்மபுரி, கிருஷ்ணகிரியின் பல ஊர்களில் அதைத் தாண்டியது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி, ஃப்ளோரைடு இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். சின்ன வயதில், நிலைப்பற்கள் உருவாகும்போது இந்தத் தண்ணீரைக் குடித்தால், பல்லில் பழுப்புக் கறை விழும். எந்த பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும்.

உங்க கிளாஸில் தர்மபுரிப் பக்கத்துப் பையனோ பொண்ணோ இருக்காங்களா? சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கிறாங்களா? 'ஏன்டா, பல்லே விளக்க மாட்டியா'னு யாராவது கிண்டல் பண்ணியிருக்காங்களா? அது பல் விளக்காத கறை இல்லை மக்களே. பச்சைக் குழந்தையாக இருந்தபோது குடிச்ச தண்ணி போட்ட கையெழுத்து. குரூப் போட்டோவில் சிரிக்காமல் நிற்பது, இன்டர்வியூவில் வாயைத் திறக்கத் தயங்குவது, கல்யாணப் பேச்சில் பல்லைப் பார்த்து முகம் சுளிப்பது என்று அந்தக் கறை கொடுத்த வலி கொஞ்சநஞ்சம் இல்லை.

நாலு மணி நேரத் தண்ணி

இதுக்குப் பதில்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. உடனே எல்லைக்கு அந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. பஸ்கள் நின்றன, தியேட்டர்கள் தாக்கப்பட்டன. 2008 ஏப்ரல் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் ரஜினி உட்பட மொத்தத் தமிழ்த் திரையுலகமும் உண்ணாவிரதம் உட்கார்ந்தது உங்க அண்ணன், அக்காக்களுக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் தள்ளிப்போன வேலை, ஜப்பானின் கடனுதவியோடு தொடர்ந்து, சுமார் 1,928 கோடி ரூபாயில் முடிந்தது. 2013 மே 29-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆத்துத் தண்ணீரை எடுத்து, சுத்திகரித்து, மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி, ரெண்டு மாவட்டங்களின் ஊர்களுக்கும் அனுப்புகிறார்கள்.

சரி, இவ்வளவு சண்டை போட்டது எவ்வளவு தண்ணீருக்கு? திட்டத்துக்காகப் பேசப்பட்ட அளவு ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. மேலே போட்ட கணக்கை இங்கே போடுங்க. விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி ஓடும் நாளில், 1.4 டி.எம்.சி. தண்ணீர் இந்தப் பாறையைத் தாண்டிப் போக எடுக்கும் நேரம் நாலு மணி நேரத்துக்கும் குறைவு! காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே போகிற தண்ணீர்தான், ரெண்டு மாவட்டத்துக்கு ஒரு வருஷக் குடிநீர். 

இன்னைக்கு காலேஜ் படிக்கிற நீங்க, 2013-ல் சின்ன கிளாஸில் இருந்திருப்பீங்க. உங்க வயது தர்மபுரிக்காரர் பலருக்கு அந்தக் குழாய் வருவதற்குள் பல் முளைச்சுடுச்சு. அவங்களோட தம்பி தங்கைகளுக்குத்தான் வாய்ப்பு கிடைச்சிருக்கு. அதுவும் குழாயில் காவிரித் தண்ணீர் ஒழுங்காக வந்தால்தான். வராத நாளில் மறுபடி போர்வெல் பக்கம் போனால் கதை பழையபடி ஆரம்பிக்கும். திட்டத்தின் இரண்டாம் கட்டத்தையும் அரசு அறிவித்திருக்கிறது. ஊரில் என்.எஸ்.எஸ். கேம்ப் போடுறவங்க, மரம் நட்டு போட்டோ எடுக்கிறதோட நிறுத்தாமல், 'இந்த வாரம் எத்தனை நாள் ஆத்துத் தண்ணி வந்துச்சு'னு நாலு வீட்டில் கேட்டு எழுதிப் பாருங்க. அதுதான் உருப்படியான ரிப்போர்ட்.

டூர் போறவங்களுக்கு...

எப்படிப் போறது: தர்மபுரி வரை ரயிலோ பஸ்ஸோ. அங்கிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக சுமார் 46 கி.மீ. பென்னாகரம் தாண்டினதும் காட்டு வழி, மலை இறக்கம். யானை கடக்கும் பாதை என்பதால் பைக் பார்ட்டிகள் இருட்டுவதற்குள் இறங்கிடுங்க. குரங்குக்கு சிப்ஸ் கொடுக்காதீங்க, அப்புறம் அது பேக்கையே கேட்கும்.

எப்போ போறது: மழைக்காலம் முடிந்து நீர்வரத்து அடங்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை சூப்பர். ஜூலை, ஆகஸ்டில் பிரம்மாண்டமாக இருக்கும், ஆனால் தடையும் இருக்கலாம். கிளம்பும் முன் அன்னைக்கு நீர்வரத்து எவ்வளவு என்று பார்த்துடுங்க. கடும் கோடையில் தண்ணீர் குறையும், பாறையின் அழகு தெரியும். ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் அலைமோதும்.

என்ன பார்க்கலாம்: தொங்கு பாலத்தில் நின்று மெயினருவி. வனத்துறையின் முதலைப் பண்ணை. தேசநாதீஸ்வரர் கோயில். அப்புறம் கண்ணைத் தீட்டி வச்சுக்கிட்டா, ஆத்தில் நீர்நாய்க் கூட்டமும் கிடைக்கலாம். சுத்தியுள்ள காடு 2014-ல் இருந்து காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். அதனால் பிளாஸ்டிக், பீர் பாட்டில் ரெண்டுக்கும் தடா. உடைஞ்ச பாட்டில் அடுத்து குத்தப்போவது வெறும் காலோடு பரிசல் தூக்கிட்டு நடக்கிறவர் பாதத்தில்தான்.

என்ன செய்யலாம்: எண்ணெய் மசாஜ் போட்டுக்கொண்டு அருவிக் குளியல், அனுமதி இருக்கும் இடத்தில் மட்டும். மசாஜ் அண்ணன் உங்க தோளில் தாளம் போடும்போது உள்ளே இருக்கிற எக்ஸாம் டென்ஷன் எல்லாம் தெறிச்சு ஓடும். மீன் வாங்கிக் கொடுத்தால் பக்கத்திலேயே அடுப்பு வைத்துச் சமைத்துத் தரும் அக்காக்கள் இருக்காங்க. கட்லா குழம்பு, ஜிலேபி மீன் வறுவல், சுடச்சுட சோறு. காசு எவ்வளவு என்று முன்னாடியே பேசிடுங்க. அப்புறம் அந்த ருசிக்கு விலை பேச வாய் வராது!

பரிசல் ஏறும்போது: கவுன்ட்டரில் மட்டும் பணம். எல்லாரும் லைஃப் ஜாக்கெட், பட்டை இறுக்கிக் கட்டணும். குறிச்ச ஆள் கணக்குக்கு மேலே ஒருத்தர்கூட ஏறக் கூடாது. 'மச்சி, நீயும் வாடா'னு அஞ்சாவது ஆளை இழுக்காதீங்க. நடுவில் எழுந்து நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம். பரிசல்காரர் சொல்றதுதான் சட்டம்.

திரும்பி வரும்போது பென்னாகரத்திலோ இண்டூரிலோ டீக்கடையில் நிறுத்துங்க. டீயோட ஒரு டம்ளர் தண்ணி கேட்டு வாங்கிக் குடிங்க. 'இது ஆத்துத் தண்ணியாண்ணே?'னு கேளுங்க. 'ஆமா தம்பி'னு பதில் வந்தால், நீங்க காலையில் பார்த்த அருவி உங்களுக்கு முன்னாடியே மேடு ஏறி வந்துடுச்சுன்னு அர்த்தம்.

போய்ட்டு வாங்க. எத்தனை பேர் போனீங்களோ, அத்தனை பேரும் முழுசா திரும்பி வாங்க!